கீமோ நடக்கும்போது மஞ்சள் மாத்திரையும் முள் சீத்தா இலைக் கசாயமும் கொடுக்கலாமா?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த கீமோ மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றப்படுகிறது. இரண்டு சுழற்சிகள் முடிந்துவிட்டன. இன்னும் இரண்டு முடிந்தபின் பேக்ளிடாக்சல் என்ற வேறொரு கீமோ மருந்து தொடங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நலம் விசாரிக்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. மாமா ஒரு புட்டி மஞ்சள் மாத்திரை வாங்கி வந்தார். ஒரு மாத்திரையில் மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் என்ற பொருள் 500 மில்லிகிராமும் 5 மில்லிகிராம் மிளகுச் சாரமும் இருப்பதாக அதன்மேல் அச்சிட்டிருக்கிறது. அத்தை தன் தோட்டத்து முள் சீத்தா இலையை நிழலில் உலர்த்திப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்கு இரண்டையும் சாப்பிட ஆசை. ஊசி மருந்தைப் படுத்துக்கொண்டு வாங்கிக்கொள்ள மட்டுமே தன்னால் முடிகிறது என்றும், கசாயத்தையாவது தன் கையால் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்றும் அவர் சொல்லும்போது எனக்கு மறுக்க மனம் வரவில்லை.

நானும் தேடிப் படித்தேன். டாக்ஸோரூபிசினுடன் குர்குமினைச் சேர்த்தால் மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் கூடுதலாக மடிகின்றன என்று பல ஆய்வுக் கட்டுரைகள் படங்களோடு காட்டுகின்றன. மூலிகையில் ஒன்றும் இல்லை என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். என் தாத்தா எங்கள் ஊர் மானாவாரி நிலத்தில் நித்தியகல்யாணி பயிரிட்டவர். இலையைப் புற்றுநோய் மருந்துக்கும் வேரை இரத்த அழுத்த மருந்துக்கும் வியாபாரிகள் மூட்டை கட்டி எடுத்துப்போனதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அப்படியிருக்க, கீமோவோடு ஒரு தாவரச்சாற்றைச் சேர்த்துக் கொடுப்பதில் என்ன தவறு இருக்கிறது? அடுத்த சுழற்சிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மருத்துவரிடம் இதுவரை கேட்கவில்லை. திட்டுவார் என்று அம்மா அஞ்சுகிறார்.

செல்லாய்வகம்

பொருநைக்கரை அவர்களுக்கு, அம்மா நலம்பெற வேண்டுகிறேன். செல் வளர்ப்பு ஆய்வகத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் இத்தகைய சோதனைகளைச் செய்தவன் என்பதால், நீங்கள் படித்த கட்டுரைகள் எப்படி உருவாகின்றன என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

96 குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டில் எம்சிஎஃப்-7 போன்ற ஒரு செல் வரிசையை, அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை, வளர்ப்போம். சில குழிகளில் கீமோ மருந்து மட்டும், சிலவற்றில் தாவரச்சாறு மட்டும், சிலவற்றில் இரண்டும் சேர்த்து இடுவோம். இரண்டு நாள் கழித்து, உயிரோடிருக்கும் செல்கள் நிறம் மாற்றும் ஒரு சாயத்தைச் சேர்த்து நிறத்தின் அடர்த்தியை அளப்போம். இரண்டும் சேர்ந்த பலன், தனித்தனிப் பலன்களை வைத்து எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலா என்பதைச் சௌவும் தலாலேயும் 1984இல் தந்த கணக்குமுறையால் எண்ணாக்குவோம். அந்த எண் 1-க்குக் கீழே இருந்தால் கூட்டு வலிமை இருக்கிறது என்று எழுதுவோம். இதில் பொய் எதுவும் இல்லை. தட்டில் அது நடக்கத்தான் செய்கிறது.

சிக்கல் செறிவில் இருக்கிறது. தட்டில் குர்குமினைப் பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் அளவில் இடுகிறோம், அந்தச் செல்கள் 48 மணி நேரமும் அதிலேயே ஊறிக் கிடக்கின்றன. இங்கிலாந்தின் லெஸ்டரில் 2004இல் வெளியான ஆய்வு ஒன்றில், நாளொன்றுக்கு 3.6 கிராம் குர்குமின் விழுங்கிய நோயாளிகளின் இரத்தத்தில் ஏறக்குறைய 11 நானோமோலார்தான் இருந்தது (ஆயிரம் நானோமோலார் சேர்ந்தது ஒரு மைக்ரோமோலார்). தட்டில் இட்டதற்கும் இரத்தத்தில் எட்டியதற்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு. குடல் அதை ஒழுங்காக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சியதையும் குடற்சுவரும் கல்லீரலும் உடனே வேறு சேர்மமாக மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. குர்குமின் நிலையற்ற பொருளும் கூட. தானே ஒளிரும், பல புரதங்களோடு கண்டபடி ஒட்டும், சோதனைச் சாயத்தோடும் வினைபுரியும். அதனால் செல் சாகாமலே செத்ததுபோலவும், செத்தும் பிழைத்ததுபோலவும் கருவி காட்டக்கூடும். செல் வளர்ப்பு ஆய்வில் இருக்கிற மாணவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது என்பது என் அனுபவம்.

நித்தியகல்யாணியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரலாற்றை முழுதாகப் பார்க்க வேண்டும். ஜமைக்காவில் நீரிழிவுக்குக் குடிக்கிற இலைத்தேநீர் என்றுதான் அது கனடாவின் மேற்கு ஒன்ராறியோ பல்கலைக்கழகத்துக்கு வந்துசேர்ந்தது. சாற்றால் எலிகளின் சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாறு ஊசிவழிச் செலுத்தப்பட்ட எலிகள் தொற்று கண்டு இறந்தன, ஏனென்றால் அவற்றின் வெள்ளையணுக்கள் சரிந்துவிட்டிருந்தன. அங்கிருந்து ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைத் தனியே பிரித்தார்கள். எலி லில்லி நிறுவனத்தின் ஆய்வில் அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு மருந்து கிடைத்து, 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்றும் ஒரு தடவைக்கு வின்கிரிஸ்டினை 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகக் கொடுப்பதில்லை. அதற்கு மேல் போனால் நரம்புகள் கெடும். தாத்தாவின் வயலிலிருந்து மூட்டை மூட்டையாகப் போன இலையிலிருந்து, ஒரு நோயாளிக்கு ஒரு வேளைக்கு அரிசிமணியைவிடச் சிறிய அளவுதான் தேவைப்படுகிறது. அந்த இலையைக் கசாயமாகக் காய்ச்சிக் குடித்தால் எவ்வளவு உள்ளே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாவரத்தை மருந்தாக்கியது அந்த அளவை அறிந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

மருந்தகத்தார்

புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநராக இருக்கிறேன். செல்லாய்வகம் சொன்னதைப் படித்துவிட்டு, "இரத்தத்தில் எட்டாவிட்டால் கெடுதலும் இல்லையே, மனநிறைவுக்குக் கொடுக்கலாமே" என்று நீங்கள் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே உடனே எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவுக்குக் கொடுக்கப்படும் அதே இரண்டு மருந்துகளை வைத்து, அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் டாக்ஸோரூபிசின் தூண்டுகிற செல் மடிவைக் குர்குமின் தடுத்தது. எலிகளுக்கு உணவோடு குர்குமின் கொடுத்தபோது, சைக்ளோபாஸ்பமைடால் சுருங்க வேண்டிய கட்டி அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. காரணம் எளிது. இத்தகைய கீமோ மருந்துகள் செல்லுக்குள் ஆக்சிஜன் சார்ந்த வினைமிகு பொருள்களை உண்டாக்குவதும் அவை செல்லைக் கொல்லும் வழிகளில் ஒன்று. குர்குமின் அவற்றைத் துடைத்தெடுக்கிறது. நலமான செல்லைக் காக்கும் குணம் புற்றுநோய்ச் செல்லையும் காத்துவிடுகிறது. இதுவும் எலியோடு நின்ற ஆய்வுதான், மனிதரில் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தட்டில் கிடைத்த நல்ல முடிவை நம்பி மாத்திரை கொடுக்கத் துணிகிறவர், எலியில் கிடைத்த கெட்ட முடிவையும் அதே தராசில் வைத்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது அந்த மிளகுச் சாரம். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகுச் சாரத்தின் முதன்மைப் பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது குர்குமின் உடலில் சேரும் அளவு 2000 விழுக்காடு கூடியது. மாத்திரை விற்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். பைப்பரின் இதை எப்படிச் செய்கிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை. உடலுக்கு ஒவ்வாததை வெளியேற்றும் கல்லீரல், குடல் நொதிகளையும், செல்லிலிருந்து மருந்தை வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பையும் அது மந்தப்படுத்துகிறது. டாக்ஸோரூபிசின் அந்தப் பம்பு வழியாக வெளியேறும் மருந்து. சைக்ளோபாஸ்பமைடோ கல்லீரல் நொதிகள் மாற்றியமைத்த பிறகே செயல்படத் தொடங்கும் மருந்து. இந்த இரண்டு கதவுகளிலும் கைவைத்தால், மருத்துவர் உயரமும் எடையும் பார்த்துக் கணக்கிட்ட அளவு என்னவாகும்? கூடினால் வெள்ளையணு சரியும், இதயத்துக்கும் பாரம். குறைந்தால் நோய்க்கு லாபம். எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் அஞ்சுகிறேன்.

மனிதரிடத்திலேயே உறுதியான சான்றும் இருக்கிறது. மனச்சோர்வுக்காக மேலைநாட்டார் உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை இரினோடெக்கான் என்ற கீமோ மருந்தோடு கொடுத்துப் பார்த்த 2002ஆம் ஆண்டு ஆய்வில், மருந்தின் செயலுள்ள வடிவம் இரத்தத்தில் 42 விழுக்காடு குறைந்தது. பச்சைத் தேயிலையின் இஜிசிஜி என்ற பொருள் போர்டெசோமிப் என்ற புற்றுநோய் மருந்தோடு நேரடியாகப் பிணைந்து அதை முடக்குவதாக 2009இல் ஆய்வகத்திலும் எலியிலும் கண்டார்கள். கூட்டு வலிமை கிடைக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வு அது.

கல்லீரலைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவின் மருந்துவழிக் கல்லீரல் பாதிப்பு ஆய்வுக் கூட்டமைப்பு, மஞ்சள் மாத்திரைகளால் வந்ததென்று கருதத்தக்க 10 பேரின் நிலையை விவரித்திருக்கிறது. ஒருவர் இறந்துபோனார். அவர்களில் சிலருடைய மாத்திரையில் மிளகுச் சாரமும் இருந்தது. கீமோவின் நடுவில் கல்லீரல் நொதிகள் ஏறினால் அடுத்த சுழற்சி தள்ளிப்போகும், ஏறியது கீமோவாலா மாத்திரையாலா என்று மருத்துவர் குழம்புவார், அதிலும் நீங்கள் மாத்திரையைப் பற்றி வாயே திறக்காதிருந்தால்.

வேம்படி

நான் சித்த மருத்துவர். மேலே இருவரும் எழுதியவற்றில் தரவுப் பிழை எதையும் நான் காணவில்லை. ஆனால் ஒரு மனக்குறையைப் பதிவு செய்ய வேண்டும். குர்குமின் என்ற ஒற்றைப் பொருளை 95 விழுக்காடு வரை செறிவாக்கி மாத்திரையில் அடைப்பது எங்கள் மரபு அல்ல. எங்கள் மரபில் மருந்துக்குத் துணைமருந்தும், மருந்தோடு சேர்த்து உட்கொள்ளும் அனுபானமும் உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகைச் சேர்ப்பதன் நோக்கங்களில் ஒன்றே மருந்தை உடலில் சேர்ப்பதுதான். ஒரு கடை மாத்திரையின் குற்றத்தை ஒரு மருத்துவ முறையின் மேல் ஏற்றுவது நியாயமன்று.

பன்மூலிகைக் கூட்டுகளை முறையாக ஆராய முடியாது என்ற எண்ணமும் தவறு. சீனாவில் ஏறக்குறைய 1800 ஆண்டுகளாக வயிற்றுப்போக்குக்குக் கொடுத்துவரும் நான்கு மூலிகைக் கசாயம் ஒன்றை, யேல் பல்கலைக்கழகத்தில் யுங்-சி செங் குழுவினர் இரினோடெக்கானோடு சேர்த்து எலிகளில் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். நமக்கு நன்கு தெரிந்த அதிமதுரத்தின் சீன இனமும் இலந்தை இனமும் அந்த நான்கில் அடங்கும். கட்டியின்மேல் மருந்தின் வேகம் குறையவில்லை. கீமோ சிதைத்த குடலின் உட்படலமோ விரைவில் மீண்டு வளர்ந்தது. நம்முடைய குடிநீர்களுக்கும் இப்படிப்பட்ட உழைப்பு கிடைக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

இருந்தாலும் பொருநைக்கரை அவர்களே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். கீமோ ஏறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, அவருடைய புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல், நான் எந்த உள்மருந்தும் கொடுப்பதில்லை. சேராங்கொட்டை சேர்ந்த மருந்துகளை எங்கள் நூல்கள் புற்றுக்குச் சொல்கின்றன என்பது உண்மை. அதே சேராங்கொட்டை, நச்சு நீக்கும் சுத்தி முறை பிழைத்தால் தோலைப் புண்ணாக்கும் என்பதும் அதே நூல்களை வைத்துப் பயின்ற எவருக்கும் தெரியும். முகம் பார்க்காமல், நாடி பார்க்காமல், பொட்டலமாகக் கைமாறும் இலை சித்த மருத்துவம் ஆகாது.

செல்லாய்வகம்

வேம்படி ஐயா சொன்ன குறையை ஏற்றுக்கொள்கிறேன். யேல் குழு அந்தக் கசாயத்தின் தொகுதிக்குத் தொகுதி வேதிக்கூறுகள் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்தது. பலர் செய்யத் தவறுவது அதைத்தான். ஒரே செடி, மண் மாறினாலும் பறிக்கும் பருவம் மாறினாலும் வேறு சாறு தரும். மெத்தனாலில் எடுத்த சாற்றையும் கொதிநீரில் எடுத்த சாற்றையும் ஒரே பெயரால் அழைத்துக் கட்டுரை எழுதுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. வீட்டில் யாரும் மெத்தனாலில் கசாயம் வைப்பதில்லை என்பதை எழுதுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

தாவரச் செல்வம் நமக்குக் குறைவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராக இருந்த தி. ரா. கோவிந்தாச்சாரி, பின்னர் பம்பாயில் பணியாற்றியபோது விசுவநாதனோடு சேர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்தில் கேம்ப்டோதெசின் என்ற செல்கொல்லிப் பொருள் இருப்பதை 1972இல் வெளியிட்டார். மேலே வந்த இரினோடெக்கான் அந்தக் கேம்ப்டோதெசினிலிருந்து உருவாக்கப்பட்டதுதான். உங்கள் அம்மாவுக்கு வரப்போகும் பேக்ளிடாக்சல், பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது: பட்டை சேகரித்தது 1962, அமைப்பு வெளியானது 1971, ஒப்புதல் கிடைத்தது 1992. முப்பது ஆண்டுகள்! ஆகவே, அம்மா தாவர மருந்தைத்தான் வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

குர்குமினையும் நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். லெஸ்டரில் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு வழக்கமான கீமோவோடு நாளுக்கு 2 கிராம் கொடுத்த ஆய்வு 2019இல் வந்தது. சேர்த்துக்கொண்டவர்கள் நீண்ட நாள் வாழ்ந்ததாகத் தோன்றியது. ஆனால் மொத்தமே முப்பது பேருக்கும் குறைவு, பாதுகாப்பைப் பார்ப்பதே அதன் முதன்மை நோக்கம். பிரான்சில் புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 50 பேரிடம் டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தோடு குர்குமினைக் கொடுத்துப் பார்த்து 2021இல் வெளியிட்டபோது எந்தக் கூடுதல் பலனும் தெரியவில்லை. மேலே சொன்ன பம்பை அடைக்கும் மருந்துகளுக்கும் இதே கதைதான் நேர்ந்தது. 1976இல் கண்டறியப்பட்ட அந்தப் பம்பை மூடுவதற்கென்றே பெரிய நிறுவனங்கள் செய்த மருந்துகள் தட்டில் அற்புதமாக வேலை செய்தன, நோயாளிகளிடம் தோற்றன. குடலிலும் மூளையின் இரத்தக்குழாய்களிலும் உடலைக் காப்பதும் அதே பம்புதான்.

பொருநைக்கரை

எல்லாருக்கும் நன்றி. மஞ்சள் மாத்திரையை எடுத்து வைத்துவிட்டேன். முள் சீத்தாவைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. கீமோவைவிட அது 10,000 மடங்கு வலிமையானது என்ற வாட்ஸ்அப் செய்தி அத்தையின் கைப்பேசியில் இருக்கிறது. அது முழுப் பொய்யா?

செல்லாய்வகம்

அந்த எண்ணுக்கு ஒரு மூலம் இருக்கிறது, அதனால்தான் அது இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறது. 1996இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முள் சீத்தா விதையிலிருந்து பிரித்த பொருள்களில் ஒன்று, ஒரு பெருங்குடல் புற்றுநோய்ச் செல் வரிசையின்மேல் அட்ரியாமைசினைவிட 10,000 மடங்கு வீரியம் காட்டியது. அட்ரியாமைசின் என்பது உங்கள் அம்மாவுக்கு ஏறும் டாக்ஸோரூபிசினின் வணிகப் பெயர். விதை இலையாகி, பிரித்தெடுத்த பொருள் கசாயமாகி, ஒரு செல் வரிசை எல்லாப் புற்றுநோயாகி, தட்டு மனிதராகிவிட்டது.

இந்தப் பொருள்கள் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவை முடக்குபவை. நரம்புச் செல்லுக்கும் ஆற்றல் வேண்டும். கரீபியன் தீவான குவாதலூப்பில் வழக்கத்துக்கு மாறான பார்கின்சன் வகை நடுக்கநோய் மிகுந்திருப்பதையும், அந்த நோயாளிகள் இந்தப் பழத்தையும் இலைத்தேநீரையும் நெடுநாள் உண்டவர்கள் என்பதையும் 1999இல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். காரணத் தொடர்பு முழுதாக நிறுவப்படவில்லை. பேக்ளிடாக்சல் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும் மருந்து. அது தொடங்கப்போகும் நேரத்தில் நரம்பைத் தாக்கும் ஐயமுள்ள வேறொன்றை உள்ளே அனுப்பாதீர்கள்.

பகல்பிரிவு

கீமோ பகல்நேரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மருத்துவர்களிடம் மறைக்கிறவர்கள் என்னிடம் ஊசி போடும்போது சொல்லிவிடுவார்கள், அதனால் எழுதுகிறேன்.

தம்பி, அம்மாவின் ஆசை நியாயமானது. அவரை வெறுமனே "கூடாது" என்று சொல்லி உட்காரவைக்காதீர்கள். குழம்பில் போடும் மஞ்சளையும் ரசத்தில் போடும் மிளகையும் நாங்கள் தடுப்பதில்லை. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய நூறு மில்லிகிராம்தான் இருக்கும். இஞ்சியைப் பற்றிப் பெரிய ஆய்வே இருக்கிறது: அமெரிக்காவில் 576 நோயாளிகளின் தரவை வைத்து 2012இல் வெளியானது, வழக்கமான வாந்தித் தடுப்பு மாத்திரைகளோடு அரை முதல் ஒரு கிராம் இஞ்சி எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து அதிக அளவில் ஏறியவர்களிடம் நடந்த பிற்கால ஆய்வில் அந்தப் பலன் கிட்டவில்லை. இஞ்சியும் மாத்திரையாக வேண்டாம், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் வாரத்தில் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். இஞ்சித் துவையல் அவரே அரைக்கட்டும்.

மாத்திரைப் புட்டியையும் இலைப் பொட்டலத்தையும் அப்படியே பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப்போங்கள். பெயரை வாயால் சொல்வதைவிட அட்டையைக் காட்டுவது நல்லது. ஏற்கெனவே எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள். நான் பார்த்தவரையில், சொன்னவர்களை மருத்துவர்கள் திட்டியதைவிட, சொல்லாதவர்களின் இரத்தச் சோதனை முடிவைப் பார்த்துக் கலங்கியதே மிகுதி.

பொருநைக்கரை

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பகல்பிரிவு அக்கா சொன்னபடியே பையோடு போனோம். அம்மா ஆறு நாள் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டதை அங்கேதான் எனக்கும் முதன்முறையாகச் சொன்னார். நான் எடுத்து வைப்பதற்கு முன்பே மாமா தனியாக ஓர் அட்டை கொடுத்திருக்கிறார். மருத்துவர் திட்டவில்லை. கல்லீரல் சோதனையைச் சேர்த்து எழுதினார், நொதிகள் சற்றே ஏறியிருந்தன. காரணம் எதுவென்று சொல்ல முடியாது என்றார். இரண்டு நாள் தள்ளி மறுசோதனை செய்து, இறங்கியிருப்பதைப் பார்த்த பிறகே மூன்றாம் சுழற்சியை ஏற்றினார்கள்.

பேக்ளிடாக்சல் மரப்பட்டையிலிருந்து வந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். எந்த மரம், எப்படி இருக்கும் என்று கேட்டார். படம் எடுத்துக் காட்டினேன். முள் சீத்தா இலையை அத்தையிடம் திருப்பிக் கொடுக்க அம்மாவுக்கு மனமில்லை, அவர் வருத்தப்படுவார் என்கிறார். பொட்டலம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. இன்று காலை துவையல் அரைத்தார்.